இப்ப மூச்சு விடுது

"பொழைச்சுக்குமா?" என்று மட்டும் டாக்டரம்மாவிடம் கேட்கக் கூடாது. எங்கள் ஊரில் மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் கேட்போம். மாடு கீழே கிடக்கும்போது மனுஷனுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

அவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். ஆனால் நாம் கேட்டதற்கான பதிலாக அது இருக்காது. "இப்ப மூச்சு விடுது" என்பார். "இப்ப காது சூடா இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

சூளகிரிக்கும் வேப்பனப்பள்ளிக்கும் நடுவில், மாந்தோப்புகளுக்கிடையே இருக்கிறது எங்கள் ஊர். அவர் எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு டாக்டராக வந்தபோது நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தெற்கே இருந்து வந்தவர். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஸ்கூட்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மருந்துப் பெட்டி. வந்த ஒரே வருஷத்தில் தெலுங்குக்காரர் வீட்டு மாட்டைத் தெலுங்கிலும் கன்னடக்காரர் வீட்டு மாட்டைக் கன்னடத்திலும் அதட்டக் கற்றுக்கொண்டார். மாட்டுக்காரர்களிடம் பேசுவதெல்லாம் தமிழில்தான், அதுவும் குறைவாக.

என் அண்ணி வளர்த்த முதல் கறவை, கன்று போட்ட மறுநாள் எழுந்திருக்காமல் படுத்துவிட்டது. டாக்டரம்மா வந்தார். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். அண்ணி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்: "பொழைச்சுக்குமாம்மா? எந்திரிச்சிடுமா?"

பத்துத் தடவை கேட்ட பிறகு டாக்டரம்மா திரும்பினார். "உங்களுக்கு ஆறுதல் வேணும்னா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க. நல்லா சொல்வாங்க. நான் ஊசி போட வந்திருக்கேன்."

அண்ணிக்கு முகம் சுண்டிப் போனது. அரை மணி நேரத்தில் மாடு தட்டுத் தடுமாறி எழுந்து நின்றது. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மா தெர்மாமீட்டரைத் துடைத்தபடி, "இப்ப நிக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இந்தக் குணம் முதலில் ஊருக்குப் பிடிக்கவில்லை. "வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?" என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் போகப் போக வேறு ஒன்று நடந்தது. அவர் "இப்ப மூச்சு விடுது" என்றால் அது மூச்சு விடுகிறது என்று அர்த்தம். அதில் கலப்படம் கிடையாது. ஊரில் பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டை என்று யாரும் யாரையும் நம்பாத நாளில்கூட, மாட்டு விஷயத்தில் அவர் சொன்னதற்கு மறு பேச்சு கிடையாது என்று ஆகிவிட்டது.

ஒரு காலை, பால் சொசைட்டி வாசலில் ஒரு பேச்சு. கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிவரும் பருவம். பாம்பு கடித்தால் யானை சாகுமா என்று யாரோ கேட்டார். ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். என் அண்ணன் சிரித்தார். "அத்தாம் பெரிய ஒடம்புக்கு அவ்வளவூண்டு விஷம் எந்த மூலைக்கு? கடலுக்குள்ள பெருங்காயத்தக் கரைக்கிற மாதிரி."

கேனிலிருந்து சோதனைக்குப் பால் எடுத்துக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "யானையும் சாகும். தோல் தடிப்பா இருக்கற எடத்துல கடிச்சா ஒண்ணும் ஆகாது. தும்பிக்கை நுனி அப்படி இல்ல, கால் நகத்து ஓரம் அப்படி இல்ல. எவ்வளவு பெரிய ஒடம்புங்கறது மட்டும் இல்ல. எங்க கடிச்சது, எவ்வளவு விஷம் எறங்குச்சு, அதையும் பாக்கணும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஒண்ணு பாத்தேன். முன்னாடி வேலை பாத்த எடத்துல. செத்துக் கெடந்த பொட்டை யானை. கரண்டு அடிச்ச தடம் இல்ல, குண்டு பட்ட காயம் இல்ல. தும்பிக்கை நுனி மட்டும் வீங்கிக் கறுத்துக் கிடந்துச்சு."

"அப்ப பாம்புதான்!"

"பாம்ப நான் பாக்கல. 'பாம்புக்கடியாக இருக்கலாம்'னு எழுதினேன். 'கடிச்சது'ன்னு எழுதச் சொல்லி ஃபாரஸ்ட்காரங்க ரெண்டு நாள் கேட்டாங்க. அப்படி எழுதல."

அண்ணன் வீடு திரும்பும்போது, "என்ன பொம்பளடா இவ, பொணத்துக்குக்கூட உறுதி சொல்ல மாட்டேங்கறா" என்றார். ஆனால் அதைச் சொன்ன குரலில் மரியாதை இருந்தது.

அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை ஐடிஐ படிக்க வைத்தது அவர்தான். நான் சூளகிரி பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறேன். அவர் நிலத்தோடு நின்றுவிட்டார். பிள்ளை இல்லை. ஒரு எருது இருந்தது. மயிலை நிறம், அரை டன் எடை. தை, மாசியில் ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும்போது, தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் கத்த, அது காற்றாக ஓடும். அதன் கொம்புக்கு வண்ணம் பூசும்போது அண்ணன் யாருடனும் பேச மாட்டார். சாப்பாடும் அதற்கு வைத்த பிறகுதான்.

ஒரு நாள் எனக்கு இரண்டாம் ஷிப்டு. காலையில் வீட்டில் இருந்தேன். எங்கள் தோப்பை ஒட்டிப் புதிதாக ஒரு கம்பெனிக்கு இடம் சமப்படுத்தி, கல்லும் மண்ணுமாகக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியல் ஓரம் புல் பச்சையாக இருக்கும். எருது அங்கே மேய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று தலையை உதறி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு பொட்டு ரத்தம். அரை மணி நேரத்தில் முகம் பானை மாதிரி வீங்கிவிட்டது.

டாக்டரம்மா வந்ததும் கடிவாயைப் பார்த்தார். கழுத்தில் ஊசி குத்தி, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் பிடித்து, திண்டின் மேல் நிறுத்தி வைத்தார். "இருபது நிமிஷத்துல ஒறையுதான்னு பாக்கணும். யாரும் தொடாதீங்க" என்றார்.

"இதுக்குப் போயி ஏம்மா நேரத்த வீணாக்கறீங்க? அரை டன் எருது. இதுக்கு என்ன ஆயிடும்?" என்றார் அண்ணன். கேள்வி மாதிரி இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது.

இருபது நிமிஷம் கழித்து அவர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறையவில்லை. தண்ணீர் மாதிரி ஓடியது.

"கண்ணாடி விரியனாத்தான் இருக்கும்னு தோணுது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது. "கால்ல கடிச்சிருந்தா தாங்கும். இது மூஞ்சி. வீக்கம் உள்ள போயி மூச்சுக்கொழாய அடைக்கும். அப்படி அடைச்சா கழுத்துல ஓட்ட போட்டுக் கொழாய் வெக்கணும். அதுக்கு நான் பக்கத்துலயே இருப்பேன்."

அவரிடம் எட்டுக் குப்பி விஷமுறி மருந்து இருந்தது. நான்கைக் கரைத்து பாட்டிலில் கலந்து நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் எருதின் உடம்பு முழுக்கத் தடித்து, நடுங்கி, முன்னங்கால் மடங்கி விழுந்தது. நாங்கள் அலறினோம். அவர் மருந்தை நிறுத்திவிட்டு வேறொரு ஊசி போட்டார். நடுக்கம் அடங்கியது. "இந்த மருந்தே சிலதுக்கு ஒத்துக்காது. மெதுவாத்தான் போகணும்" என்று சொல்லி மறுபடி சொட்டுச் சொட்டாக விட்டார். மீதி நான்கு குப்பியும் பெட்டியில் இருந்தன.

அண்ணன் எப்போது எழுந்து போனார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கடப்பாரையோடு அந்தக் கல் குவியலுக்குப் போயிருக்கிறார். அவருடைய சத்தம் கேட்டு ஓடினேன். வலது கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். "என் எருதக் கடிச்ச பாம்பு இருக்கவே கூடாதுடா தம்பி" என்றார். கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பொட்டு.

யாரோ துண்டால் கையை இறுக்கிக் கட்டப் போனார்கள். டாக்டரம்மா ஓடி வந்து தடுத்தார். கையை ஆட்டாமல் ஒரு குச்சியை வைத்துத் தளர்வாகக் கட்டினார். பால் டெம்போவைக் கொண்டுவரச் சொன்னார்.

"நான் வரமாட்டன்" என்றார் அண்ணன். "எருத விட்டுட்டு வரமாட்டன். அந்த நாலு மருந்தையும் அதுக்குப் போடுங்க."

டாக்டரம்மா எருதைப் பார்த்தார். அது கிடந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அப்படி ஓரிடத்தில் அசையாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு பாட்டிலை அண்ணி கையில் கொடுத்து, "இத இப்படியே ஒசரமா பிடிச்சுக்குங்க. தலைய மேட்டுல வெச்சிருங்க" என்றார். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு டெம்போவின் பின்னால் ஏறினார். நானும் இன்னொருவரும் அண்ணனைத் தூக்கிப் போட்டோம்.

சூளகிரியில் பாலம் வேலை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கம்பெனி பஸ்கள் குறுக்கே புகுந்து, எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. அண்ணனுக்குக் கை வீக்கம் முழங்கை வரை ஏறிவிட்டது. வாந்தி எடுத்தார். துப்பியதில் ரத்தம்.

"டாக்டரம்மா, பெட்டியில மருந்து இருக்குதில்ல?" என்றேன்.

"இருக்கு."

"மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே மருந்துதான?"

"ஒரே மருந்துதான்."

"போடுங்கம்மா!"

"போட மாட்டேன். எருதுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்க. இவருக்கு அது மாதிரி ஆனா இந்த டெம்போவுல என்னால காப்பாத்த முடியாது. ஆஸ்பத்திரியில மருந்து இல்லைன்னா குடுக்கத்தான் எடுத்துட்டு வந்தேன்."

"அப்ப செத்துடுவாரா? சொல்லுங்க, பொழைப்பாரா மாட்டாரா?"

"இப்ப பேசறாரு" என்றார். "இப்ப நாடி ஓடுது."

நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். கன்னடம், தமிழ் இரண்டிலும் திட்டினேன். அவர் அண்ணனின் மணிக்கட்டை விடவே இல்லை. நான் டெம்போவிலிருந்து குதித்து, லாரி டிரைவர்களின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வழி விடச் செய்தேன். நாங்கள் ஆஸ்பத்திரி சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. தேவையான அளவு இருந்தது. அண்ணனுக்கு ஏற்றினார்கள். டாக்டரம்மாவின் மடியில் இருந்த பெட்டியில் அந்த நான்கு குப்பியும் அப்படியே இருந்தன. அவர் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடியதை நான் பார்த்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து டியூட்டி டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சிறுநீர் போகவில்லை, கிட்னி பாதித்திருக்கலாம், உடனே கிருஷ்ணகிரிக்கு மாற்ற வேண்டும், ஆம்புலன்ஸ் தயார் என்றார். உள்ளே போனால் அண்ணன் ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஊட்டுக்குப் போறன். எருதப் பாக்காம எங்கயும் வரமாட்டன்" என்றார். இரண்டு நர்ஸ் பிடித்தும் அடங்கவில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. அண்ணி.

"போயிடுச்சு தம்பி" என்றார். அழக்கூட இல்லை. "மூச்ச இழுத்துக்கிட்டே கெடந்து, போயிடுச்சு. நான் பாட்டில இன்னும் கையிலயே பிடிச்சிக்கிட்டு இருக்கேன். அவருக்கு மட்டும் சொல்லிடாத."

வராந்தாவில் டாக்டரம்மா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார்.

நான் சொன்னேன். இதை நான்தான் சொன்னேன். "டாக்டரம்மா, எருது நல்லா இருக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டார். நீங்க சொன்னா நம்புவார். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். ஒரே ஒரு வார்த்தம்மா. உங்க கால்ல விழறன்."

உண்மையாகவே விழுந்தேன். ரப்பர் பூட்ஸில் எருதின் ரத்தம் காய்ந்திருந்தது.

அவர் உள்ளே போனார். அண்ணன் அவரைப் பார்த்ததும் கூச்சலை நிறுத்தினார். "அம்மா, எருது எப்படி இருக்குது?"

டாக்டரம்மா அவரை நேராகப் பார்த்தார். "வீக்கம் வத்தியிருக்கு. எந்திரிச்சுத் தண்ணி குடிச்சிடுச்சு."

"நெஜமா?"

"நெஜமா."

அண்ணன் சின்னக் குழந்தை மாதிரிப் படுத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது சிரித்தார். "நான்தான் சொன்னேனே, அரை டன் எருதும்மா அது" என்றார்.

ஒரு மாசம் கிருஷ்ணகிரியில் கிடந்தார். பல தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணி ஏற்றினார்கள். வலது கையில் மூன்று விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் எருதைப் பற்றிக் கேட்டார். தவிடு தின்றது, நடந்தது என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு மீதி எல்லாம் சுலபமாக வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஆட்டோவிலிருந்து இறங்கியவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே போன அண்ணி அவர் காலடியில் உட்கார்ந்து, அன்றைக்கே செத்துவிட்டது என்று சொன்னார்.

அடுத்த நாள் காலை, அண்ணன் நடக்க முடியாமல் நடந்து மருந்தகத்துக்குப் போனார். நான் கூடவே போனேன். மாட்டோடு பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

"பொய் சொன்னியே!" என்று கத்தினார் அண்ணன். "செத்துப்போன எருது தண்ணி குடிச்சுதுன்னு சொன்னியே! ஊரே உன் வாய நம்புச்சேம்மா!"

டாக்டரம்மா கையில் கையுறையோடு நின்றார். "ஆமாங்க. செத்தது தெரிஞ்சுதான் சொன்னேன்."

"யாரு சொல்லச் சொன்னது?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சொன்னேன்" என்றார்.

"அந்த நாலு மருந்த என் எருதுக்குப் போட்டிருந்தா? நீ கூடவே இருந்து கழுத்துல கொழாய் வெச்சிருந்தா? பொழைச்சிருக்குமா இல்லியா? அதையாவது நெஜத்தச் சொல்லு!"

"தெரியாதுங்க" என்றார். "எனக்கு அது தெரியாது."

அண்ணன் காறித் துப்பிவிட்டுத் திரும்பினார். அவர் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஊர் மாறியது. பெரிதாக ஒன்றும் இல்லை, சின்னச் சின்னதாக. அவர் "இப்ப மூச்சு விடுது" என்றால், மாட்டுக்காரர்கள் தாங்களே குனிந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார்கள். கன்று வயிற்றிலேயே செத்துவிட்டது என்று அவர் சொன்ன வீட்டில், ஒரு பாட்டி, "எங்ககிட்டயாவது நெஜமா சொல்றீங்களா?" என்று கேட்டாராம். அவர் பாட்டியின் கையைப் பிடித்து மாட்டின் வயிற்றில் வைத்தாராம். டீக்கடையில் இதை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல்தான். கடைசி நாள் மத்தியானம் நான் போனேன். மருந்து அலமாரியை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட சொல்லிடறன்மா" என்றேன். "நான்தான் சொல்ல வெச்சேன்னு."

"அவருக்கு இப்ப யூரின் எவ்வளவு போகுது?"

"நல்லா இருக்கார்மா."

"எவ்வளவு போகுதுன்னு கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை.

"அத மொதல்ல பாருங்க. தெனமும் அளந்து பாருங்க. கால் வீங்குதான்னு பாருங்க." பிறகு அலமாரியைப் பூட்டிவிட்டுச் சொன்னார்: "பொய்ய நீங்க சொல்லல தம்பி. சொன்னது என் வாய்."

அவர் போய் இரண்டு மாசம் நான் வாய் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவரிடம் அண்ணன் மறுபடி அதே கதையை ஆரம்பித்தார். "அந்தப் பொய்க்காரி" என்றார். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. போன் வந்தது, அண்ணி சொன்னது, நான் காலில் விழுந்தது, அவர் 'நீங்க சொல்லுங்க' என்றது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உறவுக்காரர் எழுந்து வெளியே போனார். அண்ணி அடுப்படியை விட்டு வரவில்லை.

அண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"நீ கால்ல விழுந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாண்ணா."

தன் வலது கையில் மடங்கிய விரல்களைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். எண்ணை அவரால் சரியாக அழுத்த முடியவில்லை, இடது கைக்கு மாற்றிக்கொண்டு தேடினார். அது மருந்தகத்து போன் என்றும், டாக்டரம்மா மாறிப் போய்விட்டார் என்றும் நான் சொல்வதற்குள் மணி அடித்து, யாரோ எடுத்துவிட்டார்கள்.

"டாக்டரம்மாங்களா?" என்றார் அண்ணன்.

ஆண் குரல். இளவயது. எனக்கும் கேட்டது. "அவங்க டிரான்ஸ்பர்ல போயிட்டாங்க. இப்ப நான்தான் டாக்டர். சொல்லுங்க, மாட்டுக்கு என்ன ஆச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஹலோ? எந்த ஊருங்க? மாடு எப்படி இருக்கு? சொன்னாத்தானங்க நான் கெளம்ப முடியும்?"

"மாடு இல்லீங்க" என்றார் அண்ணன். பிறகும் போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.